தகப்பன் பெயர் இரண்டு புள்ளி

சந்தனக்கேணி என்ற பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். அந்த ஊரில் சந்தனமும் இல்லை, கேணியும் தூர்ந்துபோய் அதன்மேல் ஒரு செல்போன் கடை நிற்கிறது, இருப்பதெல்லாம் நாற்றம்தான், அதுவும் சாக்கடை நாற்றமோ கருவாட்டு நாற்றமோ அல்ல, மனுசக் கையின் நாற்றம். அது எப்படி வந்தது, அதோடு நாங்கள் எப்படிக் குடித்தனம் நடத்தப் பழகினோம், ஊரில் ஒரே ஒருவர் கையில் மட்டும் அது ஏன் ஒட்டாமல் போனது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். சொல்லும்போதே குமட்டுகிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

பெங்களூரிலிருந்து திரும்பி வந்த ஆவுடையப்பன் மகன் கிஷோர், பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் ஏசி அறை போட்டு உட்கார்ந்து 'முந்தி' என்று ஒரு ஆப் செய்தான். பெண்கள் சேலை முந்தியில் சாவியையும் சில்லறையையும் முடிந்துகொள்வதுபோல, மறக்கக் கூடாத எதையும் செல்போனில் முடிந்துகொள்ளலாம், ஒரு குறிப்புக்கு ஒரு முடிச்சு, முடிச்சுக்கு ஒரு பேர், அவரவர் முடிச்சு அவரவர் அறைக்குள், அடுத்தவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது என்று ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டித் தெருத்தெருவாகச் சொன்னார்கள். நம்ம ஊர்ப் பையன் செய்தது என்ற பெருமையில் ஊரே முடிந்தது. மாத்திரை வேளை, மாதவிலக்குத் தேதி, சம்பந்தி வீட்டார்மேல் உள்ள மனத்தாங்கல், சாமியிடம் கேட்டு இன்னும் கிடைக்காதது, நேரில் சொல்ல வாய் வராத மன்னிப்பு என்று மனதில் கிடந்த பாரத்தையெல்லாம் முடிச்சுப் போட்டு உள்ளே தள்ளிவிட்டுக் கையை வீசிக்கொண்டு நடந்தோம்.

வடிவு என்றால் சந்தனக்கேணியில் தெரியாதவர் கிடையாது. பஜாரில் மாசிலாமணி அண்ணாச்சி காம்ப்ளக்ஸின் கடைசிக் கடையில் தையல் மெஷின் போட்டு, ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சீருடை தைப்பவள். கல்யாணம் ஆகாமல் ஒரு பெண்பிள்ளையைப் பெற்றவள் என்பதால் இன்னும் நன்றாகவே தெரியும். பிள்ளையின் பெயர் அனுசியா. யார் பிள்ளை என்று வடிவிடம் நேராகக் கேட்கும் தைரியம் எங்களில் யாருக்கும் இல்லை, கேட்காமல் இருக்கும் நாகரிகமும் யாருக்கும் இல்லை, அதனால் அவள் இல்லாத இடத்திலெல்லாம் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குப் பேர் வைப்பது ஒப்புக்குத்தான். முத்துக்குட்டி மகன் சட்டை ஆச்சா, சங்கரபாண்டி மகள் பாவாடை ஆச்சா என்றுதான் கடைக்கு வந்து கேட்பார்கள். அதனால் வடிவு அளவுகளை முடிந்து வைக்கும்போது, இனிஷியல் முன்னால் வருவதுபோலத் தகப்பன் பேரை முதலில் போட்டு, ஒரு சாய்கோடு இழுத்து, பிள்ளை பேரைப் போட்டு, இன்னொரு சாய்கோடு இழுத்து வகுப்பைப் போடுவாள். முத்துக்குட்டி/சுபாஷ்/நாலாம் வகுப்பு. தகப்பன் பேரைத் தொட்டால் போதும், அவன் பிள்ளைகள் அத்தனை பேரின் அளவும் வரிசையாக வந்து நிற்கும். இந்த வருசம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் தன் மகளுக்கும் அளவெடுத்தாள். தகப்பன் பேர் வர வேண்டிய இடத்தில் கை கொஞ்சம் நின்றது. பிறகு, நிரப்பாமல் விட்ட இடம் என்று காட்டப் புள்ளி வைப்பார்களே, அதுபோல இரண்டு புள்ளி வைத்துச் சாய்கோட்டை இழுத்தாள். ../அனுசியா/மூன்றாம் வகுப்பு.

மறுநாள் பாவாடை நீளம் பார்க்க அந்த முடிச்சைத் தொட்டபோது அவளுடைய வலக்கை விரல் உள்ளே போனது, விரலோடு மணிக்கட்டு போனது, புது வளையல் போடக் கையைக் குறுக்குவதுபோலக் குறுக்கியதில் முழங்கை வரைக்கும் போனது. உள்ளே ஈரத்துணி முடிச்சுகள் குவியல் குவியலாகத் தட்டுப்பட்டன. ஒன்றை இழுத்தாள், அவிழ்ந்தது. எதிர்வீட்டுப் பெரிய மனுசி தன் மருமகள் தின்னும் இட்லிகளை வேளைவாரியாக எண்ணி முடிந்து வைத்திருந்தாள். உடை மாற்றிக்கொண்டிருக்கும் ஆளைத் தெரியாமல் கதவு திறந்து பார்த்துவிட்டதுபோல வடிவுக்கு உடம்பு கூசியது. அப்படியே திருப்பி முடிந்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். ஊசிப்போன சோறும் மூலையில் கிடந்து புழுங்கிய அழுக்குத் துணியும் கலந்த வாடை கையில் அடித்தது. சோப்புப் போட்டாள், சீயக்காய் போட்டாள், போகவில்லை.

நியாயமான மனுசி செய்ய வேண்டியதை அவள் செய்தாள். நேரே மாடியேறிப் போய்க் கிஷோரிடம் சொன்னாள். அவனும் கையை விட்டுப் பார்த்தான், முகர்ந்தான், முகம் போன போக்கு சரியில்லை. கம்ப்யூட்டருக்கு இரண்டு புள்ளியும் சாய்கோடும் என்றால், இருக்கிற அறையை விட்டு ஒரு படி மேலே ஏறித் தகப்பன் வீட்டுக்குப் போ என்று அர்த்தமாம், மேலே எல்லா அறைக்கும் பொதுவாக ஒரு முற்றமாம், பேர்தானே போடுகிறார்கள் என்று சோதிக்காமல் விட்டதில் அவள் கை முற்றத்துக்கு ஏறி அடுத்தவர் அறைக்குள் இறங்கிவிட்டதாம். தப்பு எங்கள் பக்கம்தான் அக்கா என்று அன்றைக்கு அவன் வாயாலேயே சொன்னான். சொல்லிவிட்டு, வெளியே மூச்சு விட வேண்டாம், கம்பெனி பேர் கெட்டுப்போகும் என்று கெஞ்சி, 'முந்தி' என்று அச்சடித்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் ஒன்றைப் பரிசாகக் கொடுத்து அனுப்பினான். வடிவு மூச்சு விடவில்லை. ஆனால் அந்த ஏசி அறையில் வேலை பார்த்தவர்களுக்கும் வாய் இருந்தது, சாயங்காலம் வடை தின்ன அந்த வாயோடுதான் டீக்கடைக்கு வந்தார்கள்.

தகப்பன் பேர் இடத்தில் இரண்டு புள்ளி வைத்தால் யார் முடிச்சையும் அவிழ்க்கலாம் என்று தெரிந்ததும் ஒரு ஊர் என்ன செய்ய வேண்டும்? கிஷோர் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் தங்கள் தங்கள் முடிச்சுகளையாவது அழித்திருக்க வேண்டும். சந்தனக்கேணி இரண்டையும் செய்யவில்லை. தெருவில் நின்று 'சீ, என்ன அநியாயம்' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆளாளுக்கு இரண்டு புள்ளி வைத்து இடக்கையை விட்டது. எல்லாக் கையும் முதலில் போன இடம் ஒன்றுதான், வடிவின் அறை. எல்லாக் கையும் தேடியது ஒன்றைத்தான், அனுசியாவின் தகப்பன் பேரை. டீச்சர் விட்டார், தபால்காரர் விட்டார், சாமிக்கு மாலை கட்டுகிறவர் பூக்கூடையைத் தள்ளி வைத்துவிட்டு விட்டார், போன் பார்க்கத் தெரியாத கிழடுகள் பேத்திகளைப் புள்ளி வைக்கச் சொல்லிவிட்டு விட்டார்கள். இதைச் சொல்கிறவன் கை எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு எழுதலாம் என்றால் இடக்கையைத்தான் மூக்குக்குக் கொண்டுபோக வேண்டும், அது இன்னும் மோசம்.

பேர் கிடைக்கவில்லை. அவள் அதை எங்கேயும் முடிந்து வைக்கவே இல்லை. ஊர்ப்பிள்ளைகளின் இடுப்பளவும் தோளளவும் கிடைத்தன, மகளுக்குக் காய்ச்சல் வந்த நாட்கள் கிடைத்தன, 'விழுந்த பல்லைக் கூரைமேல் எறிய மாட்டேன் என்று கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு தூங்குகிறாள்' என்று அவள் தனக்காக மட்டும் முடிந்து வைத்த ஒரு வரி கிடைத்தது. இரண்டாம் நாள் கடைக்குத் துணி கொண்டுவந்த ஒருத்தி, பல்லை எறிந்தாயிற்றா என்று அனுசியாவின் கன்னத்தைக் கிள்ளிக் கேட்டாள். வடிவு நிமிர்ந்து அவளைப் பார்த்தாள், அவளுடைய இடக்கை சேலைக்குள் ஒளிந்திருப்பதைப் பார்த்தாள், நூலைக் கடித்து அறுத்தாள். நினைத்தால் எனக்கு இப்போதும் எங்கள்மேல் எரிச்சலாக வருகிறது.

வடிவிடம் இல்லாவிட்டால் அந்த ஆளிடம் இருக்குமே என்று ஊர்க் கைகள் ஆண்களின் அறைகளுக்குள் இறங்கின. பெண்டாட்டிகள் புருசன் அறையில் தேடினார்கள், மாமனார்கள் மருமகன் அறையில் தேடினார்கள், முதலாளிகள் வேலைக்காரர் அறையிலும் வேலைக்காரர்கள் முதலாளி அறையிலும் தேடினார்கள். அனுசியாவின் பேர் எந்த முடிச்சிலும் இல்லை. மூலத்துக்குத் தடவும் மருந்தின் பேர் இருந்தது, வழுக்கைக்கு வேண்டிக்கொண்ட நேர்ச்சை இருந்தது, செத்துப்போன தம்பியிடம் கேட்க நினைத்த மன்னிப்பு இருந்தது. பெரிய பாவம் எதுவும் இல்லை என்பதில் ஊருக்கு ஏமாற்றம்தான், ஆனால் ருசி பிடித்துவிட்டது, தேடியது கிடைக்காவிட்டாலும் கிடைத்ததைத் தின்றோம்.

நாற்றம் முதலில் பஸ்ஸில்தான் தெரிந்தது, மேலே கம்பியைப் பிடித்திருந்த கைகளிலிருந்து வந்தது. சாக்கடை என்றோம், பேரூராட்சி ஆட்கள் வந்து தூர் வாரினார்கள். மீன் வண்டிக்காரரை ஊருக்கு வெளியே நிற்கச் சொன்னோம். அதன்பின் யாரும் எதுவும் சொல்லவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. புளி, எலுமிச்சை, வேப்பிலை, விபூதி, மண்ணெண்ணெய் என்று எதையெல்லாமோ தேய்த்தோம். மெடிக்கல் கடையில் கையுறை வாங்கிப் போட்டுக்கொண்டு கையை விட்டோம், நாற்றம் கையுறையைத் தாண்டி வந்து தோலில் உட்கார்ந்தது. கையை விடாமல் இருக்கலாமே என்று ஒரு ஆள்கூடச் சொல்லவில்லை. அதை நினைத்தால்தான் வாந்தி வருகிறது.

கடைசியில் ஊர் தனக்கென்று ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்தது. எதற்கு எந்தக் கை என்று எங்களுக்கு வளர்ப்பு சரியாக இருந்ததால், நாங்கள் அத்தனை பேரும் முதல் தடவையே இடக்கையைத்தான் விட்டிருந்தோம். காலையில் கழுவுகிற கைதானே, அதற்குப் புதுசாக என்ன அசிங்கம், சோறு தின்கிற கை சுத்தமாக இருந்தால் மனுசன் சுத்தம் என்று பேசி முடித்துக்கொண்டோம். பந்தியில் இடக்கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்து வலக்கையால் பாயசம் உறிஞ்சினோம். இரண்டு கையும் சேர்ந்தால் வலக்கைக்கும் ஒட்டிவிடும் என்பதால் கும்பிடுவதை நிறுத்தினோம், சந்நிதியில் ஒற்றைக் கையை மட்டும் தூக்கி ஆட்டோவை நிறுத்துவதுபோலச் சாமிக்குக் காட்டினோம். பெரியவர்களைப் பார்த்துப் பிள்ளைகளும் ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டே பிரேயருக்கு நின்றார்கள், டீச்சர் அதை ஒழுக்கம் என்று சொன்னார்.

இந்தக் கணக்குப்படி பார்த்தால் ஊரிலேயே அசிங்கமானவள் ஒருத்திதான். தெரியாமல் உள்ளே போனதால் வடிவின் வலக்கை நாறியது. வேலை செய்கிற கையை, சோறு தின்கிற கையை, பிள்ளைக்கு ஊட்டுகிற கையை உள்ளே விட்டவள் என்று ஊர் காறித் துப்பியது. அவள் தைத்த சீருடையை முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று திருப்பி வைத்தார்கள், முகர்ந்தவர்களின் இடக்கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அதே கணக்குப்படி ஊரிலேயே உயர்ந்தவர் மாசிலாமணி அண்ணாச்சி. வியாபாரிகள் சங்கத் தலைவர் அவர்தான், பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவரும் அவர்தான், வடிவு இருந்த கடைக்கும் ஊரின் ஒரே கல்யாண மண்டபத்துக்கும் சொந்தக்காரரும் அவர்தான். அவருக்கு இரண்டு கையும் நாறவில்லை. எல்லோரும் ஒற்றைக் கையோடு நடமாடிய ஊரில் அவர் மட்டும் இரண்டு கையையும் சேர்த்து நெஞ்சுக்கு நேரே வைத்துக் கும்பிட்டார், அந்தக் கும்பிடைப் பார்க்கவே கூட்டம் கூடியது. பிறந்த குழந்தையை அவர் கையில் கொடுத்து வாங்கினார்கள். புதுக் கடையென்றால் அவர் கையால் திறப்பு, புதுத் தாலியென்றால் அவர் கையால் எடுத்துக் கொடுப்பு. அடுத்தவர் முடிச்சில் கை வைக்கக் கூடாது என்று அவர் மேடைக்கு மேடை பேசினார், பக்கத்தில் அவர் மனைவி ஆனந்தவல்லி அம்மாள் இடக்கையில் முந்தியைச் சுற்றிக்கொண்டு தலைகுனிந்து நின்றாள். ஊரார் விசயத்தில் துளி ஆசை இல்லாத மனுசன் என்று புகழ்ந்தோம். ஊரே தெரிந்துகொள்ளத் துடிக்கிற ஒன்றில் ஒரு மனுசனுக்கு மட்டும் ஏன் ஆசை இல்லை என்று எங்கள் மரமண்டைகளுக்குத் தோன்றவில்லை.

கிஷோர் ஓட்டையை அடைத்துவிட்டதாக ஒருநாள் அறிவித்தான். இரண்டு புள்ளியும் சாய்கோடும் சேர்ந்து வந்தால் ஆப் அதைப் பிடுங்கி எறிந்துவிடும் என்றான். அன்று மதியத்துக்குள்ளேயே, கோலப்போட்டியில் பரிசு வாங்கும் ஒரு டீச்சர், நாலு புள்ளி வைத்து இரண்டு சாய்கோடு இழுத்துப் பார்த்தார். நடுவிலிருந்த இரண்டு புள்ளியையும் ஒரு கோட்டையும் ஆப் பிடுங்கியது, விளிம்பில் மிச்சமிருந்த இரண்டு புள்ளியும் ஒரு கோடும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பழையபடி வழி விட்டன. சாயங்காலம் ஊரே நாலு புள்ளி வைத்தது. ஒழுங்காக அடைக்க வேண்டுமானால் அடியிலிருந்து பிரித்துக் கட்ட வேண்டும், அதுவரை ஆப்பை நிறுத்தி வைக்க வேண்டும், கிஷோருக்கு அதில் மனமில்லை.

அதனால் அவன் சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து வேறொன்று சொன்னான். ஆப்பில் பிழையே இல்லை, பேர் இருக்க வேண்டிய இடத்தில் பேர் இல்லாததுதான் பிழை, ஒழுங்காகத் தகப்பன் பேர் போட்டிருந்தால் ஓட்டையே விழுந்திருக்காது, அந்த முதல் முடிச்சில் இரண்டு புள்ளியை எடுத்துவிட்டு ஒரு ஆளின் பேரை எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றான். சுத்தப் பொய், அவனுக்கே தெரியும். ஆனால் அந்தப் பொய்யைக் கேட்டதும் மண்டபம் முழுக்க ஒரு பெருமூச்சு கேட்டது; இத்தனை நாள் நாறியது எங்கள் கை இல்லை, வடிவு வைத்த புள்ளி என்று ஆகிவிட்டதே, அந்த நிம்மதி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணாச்சி தன் மண்டபத்தில் ஊரைக் கூட்டினார். முதல் நாள் கல்யாணத்தின் வாடிய பூ இன்னும் மேடையில் தொங்கியது, மாப்பிள்ளை உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். வடிவு, அனுசியாவைக் கூட்டிக்கொண்டு வந்து கீழே நின்றாள். அண்ணாச்சி முடிவைச் சொன்னார். அவள் ஒரு தகப்பன் பேரை எழுத வேண்டும். எழுதாவிட்டால் கடையைக் காலி செய்துவிட்டு ஊரை விட்டுப் போக வேண்டும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கும் இடமில்லை. சட்டம் அப்படிச் சொல்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை, எங்களுக்குத் தெரிய வேண்டியது பேர்.

"இந்தா பாரு வடிவு," என்றார் அண்ணாச்சி, குரலில் தேன் ஒழுகியது. "ஒன்ன வெரட்டணும்னு யாருக்கும் ஆசையில்ல. ஏதோ ஒரு பேரை எழுதிரு. பிள்ளைக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது."

ஊரே அண்ணாச்சி அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவரை வடிவு மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை, அன்றும் அவரைப் பார்த்துப் பேசவில்லை, எங்களைப் பார்த்துத்தான் திரும்பினாள்.

"யாரு பேரை வேணும்னாலும் எழுதலாமா?"

எழுதலாம் எழுதலாம் என்றோம்.

"எம்பிள்ள பேருக்கு முன்னால வாரது சுத்தமான பேரா இருக்கணும்லா. நான் வலக்கைய விட்டவ, எனக்குச் சுத்தம் தெரியாதுன்னு சொல்லுதிய. அப்ப நீங்களே சொல்லுங்க. இந்த ஊருல ரெண்டு கையும் நாறாத ஆம்பள யாரு?"

இவ்வளவு சுலபமான கேள்வியை எங்களிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை. மண்டபத்தில் இருந்த அத்தனை வலக்கையும் மேடையை நோக்கி நீண்டது. அண்ணாச்சி, அண்ணாச்சி என்று வரிசை வரிசையாகச் சொன்னோம். அப்பேர்ப்பட்ட மனுசன் தர்மத்துக்குத் தன் பேரைக் கொடுத்தால் அந்தப் பிள்ளைக்கு அதைவிடப் பாக்கியம் உண்டா என்று பின்னால் யாரோ கண் கலங்கினார். மேடையில் அண்ணாச்சி சிரித்தபடியே இருந்தார், அந்தச் சிரிப்பை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் அதையே வைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் சொல்லுதிய, நான் சொல்லல," என்றாள் வடிவு. "இன்னும் ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நீங்க எல்லாரும் கைய விட்டது எதுக்கு? எம்பிள்ளைக்கு அப்பன் யாருன்னு தெரிஞ்சுக்கிட. தெரியாதவுக அம்புட்டு பேரும் தேடுனிய, தேடுன கையெல்லாம் நாறுது."

மின்விசிறிகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. முன்வரிசைக்கு முதலில் புரிந்தது, அப்புறம் அதற்கடுத்த வரிசைக்கு, அப்படியே கடைசி வரிசை வரைக்கும் போனது. தேட வேண்டிய அவசியமே இல்லாத ஆள் ஒருவர்தான் இருக்க முடியும், அவர் கையில்தான் வாடை ஒட்டியிருக்காது, அவரைத்தான் நாங்கள் இப்போது கை நீட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறோம். நீட்டிய கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

முன்வரிசையில் இருந்த ஆனந்தவல்லி அம்மாள் எழுந்தாள். அவளும்தான் தேடியிருந்தாள், அவள் இடக்கையும்தான் நாறியது, முந்தி சுற்றியும் அடங்காமல் நாறியது. மேடையேறிப் போய்ப் புருசனின் வலக்கையை எடுத்து, பால் திரிந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல மூக்கருகே வைத்து முகர்ந்தாள், பிறகு இடக்கையையும் முகர்ந்தாள். எதிலும் எந்த வாடையும் இல்லை. அந்தக் கைகளை அவர் மடியிலேயே திருப்பி வைத்துவிட்டு, அவற்றைத் தொட்ட தன் விரல்களை முந்தியில் அழுத்தித் துடைத்துக்கொண்டு இறங்கி வெளியே போய்விட்டாள்.

அண்ணாச்சி பழக்கதோசத்தில் எழுந்து நின்று இரண்டு கையையும் சேர்த்து எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். திருப்பிக் கும்பிட எங்களில் ஒருவரிடமும் இரண்டு கை இல்லை.

வடிவு செல்போனை எடுத்து ஏதோ எழுதினாள், பிறகு அதை அழித்தாள், கூட்டத்தில் கிஷோர் நின்ற பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பேரோட வாடை எம்பிள்ள மேல ஒட்டிரப்படாதுன்னுதான் நான் புள்ளி வச்சது. புள்ளி புள்ளியாவே இருக்கட்டும். ஓட்டைய நீ அடை, தம்பி."

அவள் நீட்டிய வலக்கையை அனுசியா முகம் சுளிக்காமல் பிடித்துக்கொண்டாள், இருவரும் வெயிலில் இறங்கிக் கடையைத் திறக்கப் போனார்கள். காலி செய் என்று சொல்ல அதன்பின் யாருக்கும் வாய் வரவில்லை. கிஷோர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நாங்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்தான் கலைந்தோம், கொஞ்சமாவது வெட்கம் வந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம், நானும் மண்டப வாசல் வரைக்கும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தெருமுனை திரும்புவதற்குள், ஆனந்தவல்லி அம்மாள் இன்றைக்கு வீட்டுக்குப் போய் 'முந்தி'யில் என்ன முடிந்து வைப்பாள் என்ற நினைப்பு வந்தது, முதுகுக்குப் பின்னால் எங்கள் இடக்கைகள் அரிக்கத் தொடங்கின.